ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பட்டம் என்று போய் வந்த கதை

இதை எழுத வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கம் விடவில்லை. பதினைந்து லட்சத்தைக் கரைத்த கதையை ஊருக்குச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? போன மாதம் மூதூரில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். என்னிடம் ரியூஷன் படித்தவள். கையில் பளபளப்பான ஒரு மடிப்புத்தாள். "ரீச்சர், அஞ்சு வருசத்தில ரெண்டு டிகிரியாம். முடிச்சு வந்தா நேரே கெமிஸ்ட்ரி ரீச்சர்தானாம்" என்றாள். கல்லூரி வேறு, இந்தியாவில் மாநிலமும் வேறு. ஆனால் வாசகம், 2019 இல் என் அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த தாளில் இருந்த அதே வாசகம். இனியும் பேசாமல் இருந்தால் பாவம் என்று பட்டது.

நான் இலங்கையில் திருகோணமலை, உப்புவெளி. அப்பா இ.போ.ச. என்கிற அரச பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். 2018 ஓகஸ்ட்டில் உயிரியல் பிரிவில் உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.) எழுதினேன். எங்கள் பாடசாலையில் அந்த இரண்டு வருடத்தில் இரசாயனவியலுக்கென்று ஒருவர் இருந்தது பதினொரு மாதம் மட்டும்தான். மீதிக் காலம் நானும் இன்னும் மூன்று பேரும் மேல் வகுப்பு அண்ணா ஒருவரின் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்து, ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்திப் படித்தோம். மூல் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் என் வேலை. இந்தப் பாடத்துக்கு ரீச்சராக வருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். டிசம்பரில் பெறுபேறு வந்தது. இரசாயனவியல் பி, உயிரியல் சி, பௌதிகவியல் எஸ், அதாவது வெறும் சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி எந்த விஞ்ஞான பீடத்துக்கும் எட்டவில்லை.

அந்த நேரம் எனக்கு முன்னால் இருந்த ஒரு நல்ல வழியை நானே தட்டிவிட்டேன். ஆசிரியர்களைப் பயிற்றுகிற அரச கல்வியியற் கல்லூரி. இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிற்சி, முடிந்தால் டிப்ளோமாவும் நியமனமும். மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் இருக்கிறது, வவுனியாவிலும் இருக்கிறது. "டிப்ளோமாவோட நிண்டா ஓ.எல். (சாதாரண தரம்) வரைக்கும்தான் படிப்பிக்கலாம், உனக்கு ஏ.எல். கெமிஸ்ட்ரி எல்லோ வேணும்" என்று ஒரு மாமா சொன்னார். நானும் தலையாட்டினேன். விண்ணப்பம் கோரும் வர்த்தமானி (அரச அறிவித்தல் இதழ்) வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. என்னோடு படித்தவர்களில் இருவர் அந்த வழியால் போய் இன்றைக்குச் சம்பளம் எடுத்துக்கொண்டே பி.எட். படிக்கிறார்கள். மாமாவைக் குறை சொல்லவில்லை. அவர் சொன்னது அரைவாசி சரி. மீதி அரைவாசியை நான் விசாரித்திருக்க வேண்டும்.

2019 மார்ச்சில் மட்டக்களப்பில் ஒரு ஹோட்டலில் கல்விக் கண்காட்சி என்று போனோம். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் மேசை. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் அப்பாவை "ஐயா, ஐயா" என்று இருத்தி, தேநீர் கொடுத்து, தாளை நீட்டினார். "ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். உடன்." ஒரே விண்ணப்பம், ஒரே விடுதி, நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை. தனித்தனியாகப் படித்தால் பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பி.எட். இரண்டு என்று ஏழு வருடம், இங்கே ஐந்தில் முடியும் என்று தாளின் ஓரத்தில் பேனையால் கூட்டிக் காட்டினார். இரண்டு வருடம் மிச்சம் என்றதும் அப்பாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அடுத்த மாதம் ஈஸ்டர் குண்டுவெடிப்பு. நாடு இருந்த நிலையில் பிள்ளை வெளியில் படிக்கட்டும் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். முகவருக்கு நம் காசில் 75,000 ரூபாய். அப்பாவின் சேமலாப நிதியில் ஒரு பங்கு, அம்மாவின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகள் அடகு. ஜூலையில் கட்டுநாயக்காவில் இருந்து திருச்சிக்குப் பறந்தேன்.

அந்த "உடன்" என்ற ஒரு சொல்லுக்குத்தான் நாங்கள் இவ்வளவும் கொடுத்தோம். பி.எட். யார் தருவது, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் தருவது, அதற்கு அங்கீகார ஆணை இருக்கிறதா என்று ஒரு கேள்விகூட நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஒருங்கிணைந்த படிப்பு என்று யாராவது சொன்னால், முதலில் அதைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். எத்தனை சான்றிதழ் கையில் வரும்? ஒவ்வொன்றிலும் யாருடைய முத்திரை இருக்கும்? இதற்குப் பதிலை வாயால் வாங்காதீர்கள். கடிதத் தலைப்பில் எழுதி வாங்குங்கள்.

முதல் வருடம் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆய்வுகூடம் விசாலமானது. ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு பியூரெட், நம் சொல்லில் அளவி. இங்கே பாடசாலையில் முப்பது பேருக்கு ஒரு அளவியைத் தூரத்தில் இருந்து பார்த்த எனக்கு அது சொர்க்கம். உப்புப் பகுப்பாய்வில் எந்த உப்பு என்று மணத்தையும் நிறத்தையும் வைத்தே ஊகிக்கிற அளவுக்குக் கை பழகியது. கட்டணம் 90,000, விடுதியும் சாப்பாடும் 60,000, ஆக 1,50,000 இந்திய ரூபாய். அன்றைய மாற்றில் நம் காசுக்கு 3,82,500. மாணவர் விசாவில் போகிறவர்கள் வந்து 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைக் கல்லூரியே செய்து தரும் என்று இருந்து, கடைசி நாளில் ஓட்டோவில் ஓடினேன். இது சின்ன விஷயம். பெரிய விஷயம், சேர்ந்த அன்றே "சரிபார்க்கத் தாங்கம்மா" என்று உயர்தர மூலச் சான்றிதழை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்கள். பற்றுச்சீட்டு இல்லை. நானும் கேட்கவில்லை. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஒக்டோபரிலேயே மூலச் சான்றிதழை இப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று அறிவித்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது நான்கு வருடம் கழித்து. போகிறவர்கள் இங்கே பரீட்சைத் திணைக்களத்தில் இன்னொரு சான்றிதழ் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

2020 மார்ச்சில் கொரோனா. மே மாதம் சிறப்பு விமானத்தில் வந்து, தனிமைப்படுத்தல் முகாமில் இருந்து, வீட்டுக்கு வந்தேன். அப்புறம் ஒன்றரை வருடம் உப்புவெளியில் இருந்தபடி போனில்தான் படிப்பு. சிக்னலுக்காகக் கிணற்றடிக்கும் கடற்கரைக்கும் இடையில் நடந்தேன். ஆய்வுகூட வகுப்பு என்று யாரோ ஒருவர் நியமிப்பு (titration) செய்கிற வீடியோவை அனுப்பினார்கள். நான் ஒருநாளும் தங்காத விடுதிக்கு அரைவாசிக் கட்டணம் கேட்டு வாங்கினார்கள். ஆக அந்த வருடம் 1,20,000 இந்திய ரூபாய், நம் காசில் மூன்று லட்சம்.

உண்மை வெளிவந்தது அந்தக் காலத்தில்தான், அதுவும் தற்செயலாக. 2021 செப்டெம்பரில் பக்கத்து வீட்டு அக்கா, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவர், பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வாங்கில்தான் இருந்து எழுதினார். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். முதற்பட்டம் என்று ஒரு கட்டம். பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம், பட்டம் வலுப்பெறும் திகதி, பிரதான பாடங்கள். அதற்குக் கீழே பட்டப்பின் தகைமைகள். அக்கா எழுதிக்கொண்டே கேட்டார்: "நீ முடிச்சு வரேக்க உனக்கு பி.எஸ்சி. எண்டு தனியா ஒரு சேர்ட்டிபிகேட் தருவாங்களோ?" எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப இந்தக் கட்டத்தில என்னத்த எழுதுவாய்?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

காலையில் கல்லூரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. மேல் வகுப்பு அக்கா ஒருவருக்குப் பேசினேன். ஐந்து வருடமும் முடித்தால் எம்.எஸ்சி. என்று ஒரே சான்றிதழ்தானாம். மூன்றாம் வருட முடிவில் எழுதிக் கொடுத்து விலகினால் மட்டும் பி.எஸ்சி. தருவார்களாம். "பி.எட்.?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நேரே வா, சொல்றேன்" என்றார்.

நவம்பரில் திரும்பிப் போனேன். பி.எட். என்று எங்களுக்கு நடந்தது சனிக்கிழமை காலை வகுப்பு. பாடத்திட்டம் எழுதுகிற ஒரு பச்சை அட்டைப் பதிவேடு, கல்வி உளவியல் என்று நகலெடுத்த நாற்பது பக்கம், பக்கத்துப் பள்ளியில் பத்து நாள் பின்வாங்கில் இருந்து பார்த்தது. இவ்வளவுதான். கல்லூரியிலேயே வயதான பேராசிரியர் ஒருவர், பெயர் சொன்னால் அவருக்குச் சங்கடம், ஒருநாள் ஆய்வுகூடத்தில் எல்லோரும் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தோட இணையதளத்துல அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் பட்டியல் இருக்கும்மா. தென் மண்டலத்துல நம்ம பேரு இருக்கான்னு பாரு." பார்த்தேன். இல்லை.

அன்றைக்குத்தான் விதிகளை உட்கார்ந்து படித்தேன். ஆசிரியர் கல்விக்கு இந்தியாவில் அந்தக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும். 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு வருடம், அதில் பாடசாலையில் மட்டும் குறைந்தது 20 வாரம். எங்களுக்குக் கிடைத்தது பத்து நாள்! பட்டத்தோடு சேர்த்துப் படிக்கிற நான்காண்டு பி.எஸ்சி. பி.எட். என்று முறையான ஒருங்கிணைந்த படிப்பு உண்மையாகவே இருக்கிறது, அது வேறு. முதுநிலை வரைக்கும் சேர்த்து வேண்டும் என்றால் மைசூரில் மண்டலக் கல்வி நிறுவனத்தில் வேதியியலுக்கு ஆறாண்டு எம்.எஸ்சி. எட். இருந்தது. ஆறு வருடம், கவனியுங்கள். அரசின் கல்வி ஆராய்ச்சிக் குழுமம் நடத்துகிற நிறுவனத்துக்கே ஆறு வருடம் தேவைப்பட்ட வேலையை ஒரு தனியார் கல்லூரி ஐந்து வருடத்தில், சனிக்கிழமைகளில், முடித்துத் தருகிறது என்றபோதே எங்களுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பி.எட். நடத்துகிற கல்லூரிகள் சென்னையில் உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கும். அது 2008 இல் இருந்து இயங்குகிறது. ஆகவே "பி.எட். சான்றிதழ் யார் பெயரில் வரும்" என்று கேட்டாலே பாதி வெளிச்சமாகிவிடும். அங்கீகார ஆணையில் படிப்பின் பெயர், எத்தனை பேரைச் சேர்க்கலாம், எந்த ஆண்டில் இருந்து என்று மூன்றும் இருக்கும். அந்த ஆணையின் பிரதியைக் காட்டாத இடத்தில் கட்டணம் கட்டாதீர்கள். இப்போது 2023-24 இல் இருந்து அங்கே புதிய நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வித் திட்டம் தெரிந்தெடுத்த நிறுவனங்களில் தொடங்கியிருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வும் உண்டு. "புதிய கல்விக் கொள்கைப்படி" என்று தாளில் போட்டவர்கள் எல்லோரும் அதற்குள் அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம்.

இதற்குள் 2022 வந்தது. மூன்றாம் வருடக் கட்டணத்தை இரண்டு தவணையாகப் பிரித்திருந்தோம். நவம்பரில் கட்டிய 75,000 இந்திய ரூபாய்க்கு அப்பா 2,02,500 கொடுத்தார். மார்ச்சில் நம் ரூபாயை மிதக்க விட்டார்கள். மே மாதம் அதே 75,000 க்கு 3,45,000 ஆனது. வங்கி எல்லா ஆவணத்தையும் கேட்டு இரண்டு கிழமை இழுத்தது. அப்பா எரிபொருள் வரிசையில் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுத்து, "காசு வெளிக்கிட்டிட்டுதாம் பிள்ளை, நீ சோதினையைப் பார்" என்றார். பி.எட். போலி என்று அவரிடம் அப்போது நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். வெளிநாட்டுக் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் இன்றைய மாற்று விகிதத்தில் ஐந்து வருடத்தையும் பெருக்கிப் பார்த்துவிட்டுக் கையில் இருப்பது போதும் என்று நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு தவணை ஒன்றே முக்கால் மடங்காகப் போனாலும் தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் மூன்றாம் வருடத்தில் இறங்குவதற்கு வாசல் இருக்கிறதா என்றாவது பார்த்து வையுங்கள்.

எனக்கு வாசல் இருந்தது, ஆனால் அதில் பூட்டும் இருந்தது. ஜூனில் விலகல் கடிதம் கொடுத்தேன். அலுவலக யன்னலில் இருந்தவர் நான் 2019 இல் கையெழுத்திட்ட படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நடுவில் போனால் மீதி வருடங்களின் கட்டணமும் கட்ட வேண்டும். 1,80,000 இந்திய ரூபாய். கட்டினால்தான் மூலச் சான்றிதழ். நான்கு மாதம் அலைந்தேன். அழுதேன், சண்டை பிடித்தேன், மானியக் குழுவின் 2018 அறிவிப்பை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறியது. கடைசியில் 50,000 என்று முடிந்தது, நம் காசில் 2,20,000. முதலிலேயே அந்தத் தாளோடு போயிருந்தால் அதுவும் குறைந்திருக்குமோ என்று யோசிப்பேன். தமிழ்நாட்டிலேயே வேறு கல்லூரியில் முறையான பி.எட். படித்திருக்கலாமே என்று கேட்பார்கள். மாணவர் விசா நீங்கள் சேர்ந்த நிறுவனத்தோடு கட்டுப்பட்டது. மாறுவதற்கு அனுமதி வேண்டும், அதற்குப் பழைய கல்லூரியின் ஒத்துழைப்பும் வேண்டும். இரண்டுக்கும் என்னிடம் தெம்பு இல்லை. காசும் இல்லை. டிசம்பரில் பி.எஸ்சி. சான்றிதழோடு வந்து இறங்கினேன்.

கூட்டிப் பார்த்தால் 15,25,000 ரூபாய். விமானச் சீட்டும் விசாவும் தனி. அப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னது வந்த அன்று இரவு, குசினி வாசலில். அவர் ஒன்றும் பேசவில்லை. காலையில் எழும்பி, "அந்த டிகிரியாவது உண்மையான டிகிரிதானே?" என்று மட்டும் கேட்டார்.

அதை நிரூபிக்க இன்னும் ஐந்து மாதம். வெளிநாட்டுப் பட்டம் என்றால் கொழும்பு 7, வோட் பிளேசில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் இருந்து கடிதம் எடுக்க வேண்டும். இரவு ரயிலில் போய், காலையில் கோட்டையில் முகம் கழுவிக்கொண்டு போனேன். பாடவாரியான பெறுபேற்றுத்தாள் முழுவதும் கொண்டுபோகாததால் திரும்பி வந்து இரண்டாம் முறையும் போனேன். பிழை என்னுடையது. இங்கே ஒன்று முக்கியம். பட்டியலில் அவர்கள் தேடுவது கல்லூரியின் பெயரை இல்லை, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரை. பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கம், சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கம், இந்த இரண்டில் ஒன்றின் பட்டியலிலாவது அது இருக்க வேண்டும். என் நல்ல காலம், கல்லூரி எப்படி இருந்தாலும் பல்கலைக்கழகம் உண்மையானது, பழையது. கடிதம் கிடைத்தது. ஆனால் அந்தக் கடிதம் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது என்று சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பட்டம் ஒரு பதவிக்குப் பொருந்துமா என்பதை ஆட்சேர்ப்புச் செய்கிறவர்கள் தங்கள் அறிவித்தலைப் பார்த்து முடிவெடுப்பார்கள். ஆகவே தலைகீழாகத் தொடங்குங்கள். கடைசியாக வந்த ஆசிரியர் ஆட்சேர்ப்பு அறிவித்தலை எடுத்து, அதில் கேட்கிற ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் படிக்கப் போகிற இடம் எந்தத் தாளைத் தரும் என்று எழுதிப் பாருங்கள். மாகாணப் பாடசாலைக்கு மாகாணம் எடுக்கும், தேசியப் பாடசாலைக்குக் கல்வி அமைச்சு எடுக்கும், இரண்டையும் பாருங்கள். இங்கே பெரும்பாலானோர் போகிற பாதை பட்டம், அப்புறம் நியமனம், வேலையில் இருந்துகொண்டே பட்டப்பின் கல்வி டிப்ளோமா. பி.எட். இல்லாமல் வந்ததால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று நான் அழுத அழுகையில் முக்கால்வாசி தேவையில்லாதது. இந்தப் பாதையை 2019 இல் யாராவது சொல்லியிருந்தால் அந்த "உடன்" எனக்கு இனித்திருக்காது.

வந்த கையோடு உவர்மலையில் ஒரு ரியூஷன் நிலையத்தில் உயர்தர வகுப்பு எடுக்கப் போனேன். தகரக் கூரை, முப்பத்தைந்து பிள்ளைகள், வெளியில் ஒரு மான் குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டு நின்றது. முதல் வகுப்பு. "தனிமங்களும் சேர்மங்களும்" என்று பலகையில் எழுதினேன். பின்னால் சிரிப்பு. ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், மூலகமும் சேர்வையும்தானே?" என்றான். எனக்குக் காது சூடாகிவிட்டது. நானும் இதே ஊரில் மூலகம் என்று படித்தவள்தான். மூன்றரை வருடத்தில் ஆங்கிலத்தில் படித்து, தமிழ்நாட்டுத் தமிழில் பேசிப் பழகி, நாக்கு மாறிவிட்டது. அவர்களுக்கு வினை, நமக்குத் தாக்கம். அவர்களுக்கு வினையூக்கி, நமக்கு ஊக்கி. ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும் இங்கே ஒட்சியேற்றமும் தாழ்த்தலும். காரம் என்றால் அங்கே எல்லோருக்கும் விளங்கும், இங்கே வினாத்தாளில் மூலம் என்று வரும். சோதனைக் குழாயைப் பிடிக்கிற கை ஒன்றுதான், ஆனால் பிள்ளை எழுதப் போகிற பரீட்சையில் ஐம்பது பல்தேர்வு வினாவும் இந்தச் சொற்களில்தான் வரும். அந்த வாரம் பத்து வருடத்துக் கடந்தகால வினாத்தாள்களை வாங்கி, ஒரு கொப்பியில் இரண்டு நிரலாகச் சொற்களை எழுதினேன். நானூறுக்கு மேல் வந்தது. வெளியில் படித்துவிட்டு இங்கே படிப்பிக்க நினைக்கிறவர்கள் இந்த வேலையை முதல் வருடத்திலேயே தொடங்குங்கள். எந்தப் பட்டமும் இதைத் தராது.

இந்தச் சேர்ந்த பட்டங்கள் எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பெரியப்பாவின் மகள் அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் இருக்கிறார். அங்கே பிறந்தவர். அவரும் இரசாயனவியல் ஆசிரியராகத்தான் படித்தார், நாலும் ஒன்றும் சேர்ந்த ஐந்து வருட முறை. மூன்றாம் வருடத்தில் முதுமாணிக்கு விண்ணப்பித்து, நான்காம் வருடத்திலேயே சில முதுமாணிப் பாடங்களை எடுக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் இரண்டு பட்டத்துக்கும் எண்ணப்படும், அதனால்தான் ஒரு வருடம் மிச்சமாகிறது. அங்கே பி.எஸ்சி. தனிச் சான்றிதழ். கற்பித்தல் உரிமம் இன்னொரு தாள், அதையும் மாநிலம்தான் தரும், ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்தில் அப்படியே செல்லாது. அவருக்கும் அடி விழாமல் இல்லை. இளமாணிக் காலத்துக்குக் கிடைத்த, அரசு தருகிற பெல் உதவித்தொகை ஐந்தாம் வருடத்துக்கு இல்லை. ஆசிரியர்களுக்கென்று ரீச் கிராண்ட் (TEACH Grant) என்று ஒன்று எடுத்திருந்தார், வருடத்துக்கு 4,000 டொலர் வரை. வறிய பிள்ளைகள் படிக்கிற பாடசாலையில், ஆள் பற்றாக்குறையான பாடத்தை, எட்டு வருடத்துக்குள் நாலு வருடம் படிப்பிக்க வேண்டும். படிப்பிக்காவிட்டால் அந்த உதவி முழுவதும் வட்டியோடு கடனாக மாறிவிடும். கலியாணம் கட்டி இடம் மாறியபோது அக்கா அதில் மாட்டப் பார்த்தார். "சும்மா தர்ற காசு எண்டு நினைச்சன்" என்று போனில் சிரித்தார். எனக்கு என் படிவத்தின் பின்பக்கம் ஞாபகம் வந்தது.

இப்போது என் நிலை இதுதான். வாரத்தில் ஆறு நாள் ரியூஷன். இரண்டு முறை விண்ணப்பித்தேன், ஒருமுறை நேர்முகம் வரைக்கும் போனேன், முடிவுக்குக் காத்திருக்கிறேன். அம்மாவின் வளையலை மீட்டுவிட்டேன், சங்கிலி இன்னும் வங்கியில். ஒரு அளவியும் இரண்டு குழாயியும் (பிப்பெட்) கொழும்பில் இருந்து வாங்கி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் தங்கள் கையாலேயே நியமிப்புச் செய்து பார்க்கட்டும் என்று.

மூதூர்ப் பிள்ளையை அன்று அவை இருக்கிற மேசையில்தான் இருத்தினேன். மடிப்புத்தாளை நடுவில் விரித்து, அங்கிருந்த தொலைபேசி எண்ணுக்கு அவளையே அழைக்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள். "பி.எட். எந்தப் பல்கலைக்கழகம் தரும்?" "அதெல்லாம் காலேஜ்லயே குடுத்துருவாங்கம்மா." "ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகார ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?" "நீங்க சீட் போட்டுருங்க, அப்புறம் அனுப்பிடறோம்." அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, "கல்வியியற் கல்லூரிக்கு இப்ப போட ஏலுமோ ரீச்சர்?" என்று கேட்டாள். வர்த்தமானியை எடுத்துப் பார்த்தோம். முடிவுத் திகதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. மூலச் சான்றிதழ்களை ஒரு கோப்பில் போட்டு வீட்டில் வைக்கச் சொல்லி, பிரதிகளோடு மறுநாள் கிராம சேவகரிடம் போகச் சொன்னேன்.